வீணே சொட்டும் நன்னீர்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று நோக்குவோருக்குக் காரைநகருக்கு இடைப்பட்ட கடலிலே ஒரு கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹம்மன்ஹில் என்று பெயரிட்ட கடற்கோட்டை அது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த படை பணிய நேர்ந்தமைக்குக் குடிநீர் இல்லாமற் போனமையே பெருங் காரணம் என்பர். பீரங்கியை எதிர்த்து நின்றவர்களால் தாகத்தை எதிர்த்து நிற்க முடியவில்லை. சுற்றிவரக் கடல், அருந்த ஒரு மிடறு நீர் இல்லை.

அன்று அக்கோட்டைக்கு நேர்ந்த இடரின் சாயலைத் தீவக மக்கள் கோடைதோறும் காண்கின்றனர். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது ஒரு செல்வம். வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நெடுந்தீவின் மட்டக்குதிரைகள் நீரின்றி மடிந்ததும் உண்டு. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததன் பொருளை இம்மக்களுக்கு எவரும் உரையெழுதி விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய நிலத்திலேதான் இன்று ஒரு புதுமையைக் காண்கின்றோம். வங்கியின் பின்புறத்திலும், மருந்தறையின் சுவரோரத்திலும், பாடசாலையின் கணினி அறைக்கு வெளியிலும் ஒரு சிறு குழாய் நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கின்றது. கீழே பாசி படர்ந்த ஈரத் திட்டு ஒன்று. அதில் நின்று இரை தேடும் கோழி ஒன்று. அந்நீரை எவரும் நீராக மதிப்பதில்லை. இயந்திரத்தின் கழிவென்றே கருதுகின்றனர். ஆனால், அக்கம்பக்கத்துக் கிணறுகள் பலவற்றினும் உப்புக் குறைந்த நீர் அதுவே என்றால் நம்புவீர்களா? அது எங்கிருந்து வருகின்றது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிணற்றின் அடியில் நிற்கும் கடல்

யாழ்ப்பாணக் குடாநாடும் அதனை அடுத்த தீவுகளும் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தவை. தீவுகளில் மலையில்லை, ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வரும் மாரி மழையே ஆண்டு முழுவதற்கும் உரிய முதல். யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களிலேயே பெய்து முடிந்துவிடும்.

மண்ணுள் இறங்கிய மழைநீர் சுண்ணக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்தது. ஆதலால், அது தீவின் அடியில் ஊறி நிற்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க்கும் கணக்காக வகுத்தனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது அக்கணக்கு. கேட்பதற்கு இனிய கணக்கே. ஆயினும் அதனைத் திருப்பியும் வாசித்தல் வேண்டும்: மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறி வர இடமுண்டு.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் மனிதனின் தோள்வலியே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரம் வந்த பின்னர், ஒரு பகல் முழுவதும் இறைத்த நீரைச் சிறிது நேரத்தில் இறைத்துவிடுகின்றோம். அகலம் குறைந்த தீவுகளில் நன்னீர் வில்லையும் மெல்லியதே. கோடை முதிர முதிரக் கிணற்று நீரின் சுவை மாறுவதன் காரணம் இதுதான்.

உப்பு செடிக்குச் செய்வது என்ன?

உவர்நீரை மனிதன் நாவினால் அறிகின்றான். செடி வேரினால் அறிகின்றது. மண்ணில் உள்ள நீரிலும் வேரினுள் இருக்கும் சாற்றிலே கரைபொருள் மிகுதி. ஆதலால், நீர் இயல்பாகவே மண்ணிலிருந்து வேருக்குட் புகுகின்றது. மண்ணின் நீரில் உப்பு மிகுந்தால் இந்த ஈர்ப்பு தளர்கின்றது. அப்போது ஈர மண்ணிலே நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகின்றது. இலை நுனி கருகும், பூ உதிரும், விதை முளைக்கத் தாமதிக்கும்.

ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நீர்ப்பாசன வழிகாட்டியின்படி, ஒரு லீற்றர் நீரில் கரைந்துள்ள உப்புகள் 450 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பின் எப்பயிருக்கும் கவலையில்லை. 2,000 மில்லிகிராமைக் கடந்தால் இடர் பெரிது. போஞ்சி, வெங்காயம், கரட் ஆகியவை உப்பை மிகவும் அஞ்சுபவை. தோடை, எலுமிச்சை, மா ஆகிய கன்றுகளும் அப்படியே. கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவை ஓரளவு பொறுக்கும். தென்னையும் பனையும் உப்புக்கு ஈடுகொடுத்து வாழ்வன. தீவகத்தில் பனை செழித்து நிற்க, வீட்டுத் தோட்டம் சோர்ந்து கிடப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். லீற்றருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு பூச்சாடிக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வீதம் 90 நாள் ஊற்றுவதாகக் கொள்வோம். நீரை வெயிலும் இலையும் ஆவியாக்கிவிடும். உப்பை எவரும் ஆவியாக்க முடியாது. சாடியின் அடித்துளையால் நீர் வழிந்தோடாவிட்டால், மூன்று மாத முடிவில் அச்சாடியிலே 180 கிராம் உப்பு சேர்ந்திருக்கும். அன்போடு நாள்தோறும் நீர் வார்த்த கையே அச்செடியை உப்பில் இட்டுவிட்டது! பிள்ளைகள் ஆசையாக நட்ட செடி ஏன் பட்டுப்போயிற்று என்று வியக்கும் தாய்மார் இக்கணக்கை நினைவிற் கொள்க.

ஆகவே, தீவகத்திலே செடிக்கு நீர் கிடைத்தல் மட்டும் போதாது. உப்பில்லாத நீர் கிடைத்தல் வேண்டும். சுவரோரத்தில் சொட்டும் நீரின் பெருமை இங்கேதான் தொடங்குகின்றது.

காற்றுக்குள் இருக்கும் கேணி

பனிக்கட்டி இட்ட குவளையை மேசையில் வைத்தால் சிறிது நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்க்கின்றது. குவளை கசியவில்லை, காற்றிலே கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகின்றது. புல்நுனியில் விடியற்காலையிலே பனித்துளி பூப்பதும் இதே விதியினால்தான். காற்றுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிரக் குளிர அந்த ஆற்றல் குறையும். எந்த வெப்பநிலைக்குக் கீழே அது தாங்கமாட்டாமல் நீரைச் சிந்துகின்றதோ, அந்நிலையைப் பனிபடுநிலை என்பர்.

வெப்பநிலை 30 பாகை செல்சியசும் ஈரப்பதன் 75 வீதமும் உள்ள கடற்கரைக் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை ஆகும். குளிரூட்டியின் உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளோ அதனினும் மிகக் குளிர்ந்தது. அறைக்காற்று அச்சுருளைத் தழுவிச் செல்லும்போது நீரைச் சிந்துகின்றது. அந்நீர் ஒரு தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறுகின்றது. ஈரப்பத நீக்கி எனப்படும் இயந்திரமும் இவ்வாறே இயங்குகின்றது; அது நீரைத் தன்னுள்ளே இருக்கும் வாளியில் சேர்க்கும். இவ்விரண்டும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளே. 1902ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், ஈரத்தினால் தாள் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகுவதைத் தடுக்க வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பிலிருந்தே இன்றைய குளிரூட்டி பிறந்தது. காற்றின் ஈரத்தை அடக்குவதே அதன் முதல் வேலை. மனிதரைக் குளிர்விப்பது பின்னர் வந்த வேலை.

இப்படிப் பிறந்த நீர் மழைநீருக்கும் பனிநீருக்கும் உடன்பிறப்பு. நீர் ஆவியாகும்போது உப்பைக் கீழே விட்டுவிட்டே எழுகின்றது. ஆதலால், கடலிலிருந்து எழுந்த ஆவியே ஆயினும் அது மீண்டும் நீராகும்போது உப்பற்றதாகவே இருக்கும். இயந்திரத்தில் பிறந்த நீரைப் பூசைக்குரிய பூஞ்செடிக்கு ஊற்றலாமா என்று ஐயுறுவோர், கார்முகிலும் இதே முறையில்தான் நீரைத் தருகின்றது என்று எண்ணி அமைதி கொள்ளலாம்.

எவ்வளவு கிடைக்கும்? எப்போது கிடைக்கும்?

நீளமும் அகலமும் 4 மீற்றர், உயரம் 3 மீற்றர் உள்ள ஓர் அறையின் காற்றில், மேற்கூறிய வெப்பத்திலும் ஈரத்திலும், ஒரு லீற்றருக்குச் சற்று மிகுதியான நீர் ஆவியாக உள்ளது. கதவு திறக்குந்தோறும் புதுக்காற்றுப் புகுகின்றது. உள்ளிருப்போரின் மூச்சும் ஈரத்தைச் சேர்க்கின்றது. ஆதலால், இயந்திரம் ஓடும்வரை நீர் வடிந்துகொண்டே இருக்கும். நமது கடலோரக் காலநிலையில் ஒரு சாதாரண அறைக் குளிரூட்டி மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர்வரை தரும் எனலாம். காற்றின் ஈரமும், கதவு திறக்கும் வழக்கமும், இயந்திரத்தின் வலியும் இதனைக் கூட்டும், குறைக்கும்.

ஒரு பாடசாலைக் கணினி அறையில் இரண்டு குளிரூட்டிகள் நாளொன்றுக்கு 6 மணிநேரம் ஓடுகின்றன என்றும், ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு லீற்றர் தருகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 12 லீற்றர். ஐந்து நாள் கொண்ட பாடசாலை வாரத்துக்கு 60 லீற்றர். பத்து இளங்கன்றுகளுக்கு வாரம் இருமுறை 3 லீற்றர் வீதம் வார்க்க அது சரியாகப் போதும்.

அளவினும் சிறப்புடையது அது வரும் காலமே. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும் மாதங்களில் தீவகத்தில் மழை அரிது. கிணறுகள் தாழ்ந்து உவர்க்கும். ஆனால், கடலைத் தழுவி வரும் அக்காற்று ஈரமற்றதன்று. வானம் பொய்த்திருக்கும் அவ்வேளையிலும் நம்மைச் சூழ்ந்த காற்றிலே நீர் நிறைந்துதான் இருக்கின்றது. அது மழையாக இறங்குவதில்லை, அவ்வளவே. வெயிலின் கொடுமையால் குளிரூட்டிகள் மிகுதியாக ஓடுவதும் அக்காலத்திலேதான். ஆகவே, மழை குறையும் நாளிலே இந்நீர் மிகுகின்றது. வேண்டாத நாளில் நிரம்பி, வேண்டிய நாளில் வற்றும் குளத்துக்கு இது நேர்மாறானது.

பிற நாடுகளிலும் ஊர்களிலும்

நம்மவர் பலர் தொழில் தேடிச் சென்ற வளைகுடா நாட்டிலே, துபாய் நகரில், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா என்ற 828 மீற்றர் உயரக் கட்டடம் உள்ளது. அதன் குளிரூட்டும் அமைப்பிலிருந்து வடியும் நீரை ஒரு தொட்டியில் சேர்த்து, சுற்றியுள்ள பூங்காவுக்குப் பாய்ச்சுகின்றனர். ஆண்டொன்றுக்குச் சேரும் நீர் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கலன், அதாவது ஐந்தரைக் கோடி லீற்றருக்கு மேல். பாலைவனத்துப் பூங்கா ஒன்று காற்றிலிருந்து பிழிந்த நீரால் தளிர்க்கின்றது என்பது வியப்பன்றோ?

சென்னை மாநகரிலே 2019ஆம் ஆண்டின் கோடையில், நகருக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. குடங்களோடு மக்கள் தெருவில் வரிசையாய் நின்ற அந்நாட்களில், குளிரூட்டிக் குழாயின் கீழே வாளி வைத்தவர் பலர். செடிக்கும், தரை துடைப்பதற்கும், கழிப்பறைக்கும் அந்நீர் உதவிற்று. செல்வச் செழிப்பினால் துபாய் செய்ததை, முட்டுப்பாட்டினால் சென்னை செய்தது.

இயந்திரமே இல்லாமலும் காற்றின் நீரைப் பெற முயன்றோர் உண்டு. குஜராத்தின் கட்ச் கரையோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அங்கே கோத்தாரா என்னும் கிராமத்தில், அகமதாபாத் இந்திய முகாமைத்துவக் கழகப் பேராசிரியர் கிரிஜா சரண், இரவிலே குளிரும் கூரைத் தகடுகளில் பனிநீரை வடித்துச் சேர்க்கும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஆராய்ந்து நிலைநாட்டினார். உவர்க் கிணறு உள்ள கரையோரங்கள் யாவும் இறுதியில் வானையே நோக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

நீருக்காக இயந்திரத்தை ஓட்டலாகாது

இவ்வளவும் கேட்ட வாசகர், ஈரப்பத நீக்கி ஒன்றை வாங்கி இரவும் பகலும் ஓட்டினால் தோட்டமே செய்யலாமே என்று எண்ணக்கூடும். அது பெரும் பிழையாகும். ஈரப்பத நீக்கி ஒரு லீற்றர் நீரைத் தருவதற்கு ஏறத்தாழ அரை அலகு மின்சாரத்தை உண்ணும். அதாவது, ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு லீற்றர் நீர். இக்காலத்துக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமோ 1,000 லீற்றர் நன்னீரை மூன்று அல்லது நான்கு அலகில் தந்துவிடும். வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரத்தக்கதாக அமைக்கப்பட்டது. அதனோடு நம் வாளியை ஒப்பிடுதல் பொருந்தாது.

மேலும், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் பொது மின்வலையோடு சேராமல், கடல் கடந்து கொண்டுவரப்பட்ட டீசலில் ஓடும் மின்பிறப்பாக்கிகளை நெடுங்காலம் நம்பியிருந்தவை. வெயிலையும் காற்றையும் கொண்டு அங்கு மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டிலே இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. அத்தகைய ஊர்களில் ஒவ்வோர் அலகு மின்சாரமும் அருமையானது. மருந்துக்காகவும் கணினிக்காகவும் எப்படியும் ஓடுகின்ற இயந்திரத்தின் நீரை ஏந்துவது சிக்கனம்; நீருக்காக இயந்திரத்தை ஓட்டுவது ஊதாரித்தனம்.

மழைநீர்த் தொட்டிக்கும் இது மாற்றாகாது. 50 சதுர மீற்றர் கூரையில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்தால் 50,000 லீற்றர் நீர் விழுகின்றது. குளிரூட்டி பல ஆண்டு சொட்டினாலும் அத்துணை நீர் வராது. முதலிற் கூரைக்குப் பீலி. அடுத்துக் கிணற்றைக் காத்தல். அதன் பின்னரே சுவரோரத்து வாளி. இந்த வரிசை மாறலாகாது.

சேர்க்கும் முறையும் காக்கும் முறையும்

சேர்ப்பதற்கு அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வடிகுழாயின் நுனிக்குக் கீழே மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் வாளியையோ கானையோ வைத்தாற் போதும். குழாய் நெடுகிலும் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அதன் நுனி வாளியின் நீருக்குள் அமிழலாகாது. அமிழ்ந்தால் வடிவது தடைப்பட்டு நீர் அறைக்குள் வழியக்கூடும். உப்பற்ற நீர் உலோகத்தை எளிதில் அரிக்குமாதலால் இரும்பு, செம்புப் பாத்திரங்களைத் தவிர்த்தல் நன்று.

இந்நீரைக் குடித்தலாகாது; சமையலுக்கும் கொள்ளலாகாது. பிறப்பினால் தூயதாயினும், அது கடந்து வரும் சுருளிலும் தட்டிலும் தூசியும் பாசியும் நுண்ணுயிர்களும் தங்கும். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களும் சிறிதளவு கலக்கலாம். செடிக்கு வார்க்கும்போதும் இலைமேல் விசிறித் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுக. பச்சையாய் உண்ணும் கீரைகளுக்கு இதனைத் தவிர்த்து, கன்றுகளுக்கும் பூஞ்செடிகளுக்கும் நாற்றுகளுக்கும் பயன்படுத்துவதே முறை. இயந்திரத்தை மருந்திட்டுக் கழுவிய நாளிலும் மறுநாளிலும் வரும் நீரைச் செடிக்கு ஊற்றாமல் விட்டுவிடுக.

நுளம்பைப் பற்றித் தனியே எச்சரித்தல் வேண்டும். டெங்கு நுளம்பு தேங்கிய தெளிந்த நீரைத் தேடி முட்டையிடும். அது உவர்கலந்த நீரிலும் வளரக்கூடியது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நடந்த ஆராய்ச்சிகள் 2011ஆம் ஆண்டளவில் வெளிப்படுத்தின. எனவே, நமது பகுதியில் எந்நீரையும் திறந்து வைத்தல் ஆபத்து. வாளியை இறுக மூடி, குழாய் புகும் துளையை வலைத்துணியால் அடைத்து, இயன்றவரை அன்றன்று சேர்ந்த நீரை அன்றன்றே ஊற்றிவிடுக. முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கிடக்குமாதலால், வாரத்துக்கு ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். செடிக்கு நீர் தேடிப் பிள்ளைக்குக் காய்ச்சல் தேடலாகாது.

இந்நீரில் உப்பில்லை, ஊட்டமும் இல்லை. ஆகவே மக்கிய சாணமும் இலைக்குப்பையும் செடிக்கு வழக்கம்போல் இடுதல் வேண்டும். நீர் போதாவிடின் கிணற்று நீரோடு கலந்தும் பயன்படுத்தலாம். லீற்றருக்கு 2 கிராம் உப்புள்ள நீரில் இதனைச் சரிபாதி சேர்த்தால் உப்பு 1 கிராமாகக் குறையும். வாடும் பல செடிகள் பிழைப்பதற்கு அதுவே போதும். கன்றின் அருகே சுடுமண் முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, அதனுள் நீரை நிரப்பி மூடிவைத்தல் இன்னும் சிக்கனமான வழி. முட்டியின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிந்து வேரை அடையும். உவர்நீர் ஊற்றினால் முட்டியின் துளைகளை உப்பு நாளடைவில் அடைத்துவிடும். இந்நீருக்கு அக்குறை இல்லை.

மாணவருக்கு ஒரு சோதனை

மாணவர்கள் இவற்றைக் கட்டுரையில் வாசித்து நம்புவதிலும், தாமே செய்து பார்த்தல் சிறந்தது. இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து, ஒன்றில் கிணற்று நீரையும் மற்றதில் குளிரூட்டி நீரையும் சம அளவாய் ஊற்றி, தூசி விழாமல் மெல்லிய துணியால் மூடி வெயிலில் வையுங்கள். நீர் வற்றிய பின் எத்தட்டில் வெண்படலம் மிகுதியாய் நிற்கின்றது என்று பாருங்கள். இரண்டு போத்தல்களில் இவ்விரு நீரையும் இட்டு, ஒரே அளவு சவர்க்காரம் சேர்த்துக் குலுக்குங்கள். சுண்ணம் கரைந்த நீரில் நுரை எளிதில் எழாது. பின்னர், ஈரத்துணியில் பத்துப் பத்துப் பயறுகளை வைத்து, ஒன்றுக்குக் கிணற்று நீரும் மற்றதற்கு இந்நீரும் தெளித்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணிக் குறித்து வாருங்கள்.

வாடைக்காலத்தில் ஒரு வாரமும் சோளகக்காலத்தில் ஒரு வாரமும் வாளியில் சேரும் நீரை அளந்து, இயந்திரம் ஓடிய நேரத்தோடு ஒப்பிட்டு எழுதிவைத்தால், உங்கள் ஊரின் காற்றைப் பற்றி எப்புத்தகத்திலும் இல்லாத ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

ஒரு கோடையைக் கடத்தல்

தீவகத்தில் மரம் நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. மாரியில் நட்ட கன்று தைமாதம்வரை தளிர்த்து நிற்கும். சோளகம் வீசத் தொடங்கியதும் வாடும். அடுத்த மாரியில் அதே குழியிலே வேறொரு கன்றை நடுவோம். மரத்துக்கு வாழ்நாள் முழுவதும் நாம் நீர் வார்க்கவேண்டியதில்லை. வேர் ஆழமாய் ஓடி மண்ணின் ஈரத்தைப் பற்றும்வரை, முதல் ஓரிரு கோடைகளைக் கடத்திவிட்டாற் போதும். அந்த இடைவெளியில் அதற்கு வேண்டியது பெருவெள்ளமன்று. உப்பில்லாத சில லீற்றர் நீரே.

குளிரூட்டிக் குழாயிலிருந்து சொட்டும் நீரால் ஒரு தீவின் தாகம் தீராது; வயல் விளையாது. ஆயினும் அதனைக் கொண்டு ஒரு பாடசாலை பத்துக் கன்றுகளை ஒரு கோடைக்கு அப்பால் கொண்டுசெல்ல முடியும். வங்கியும் மருந்தகமும் அலுவலகமும் தத்தம் பின்சுவரோரத்தில் ஒரு வாளியை வைத்தால் இன்னும் சில கன்றுகள் பிழைக்கும். அவற்றின் கீழே பத்து ஆண்டுகளுக்குப் பின் நிழல் இருக்கும். கிணறு உவர்க்கும் ஊரிலே ஒரு குடம் நன்னீரைக் கீழே ஊற்றுபவரை நாம் கடிந்துகொள்வோம். அந்தக் கடிதலை நாளை காலை சுவரோரத்துக் குழாயின் பக்கமும் சற்றுத் திருப்புவோமாக.